11.7 பிறந்த கதை

திருவண்ணாமலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் அய்யங்குளத்துப் படியில் உட்காருங்கள். ஒரு போலராய்டு கண்ணாடியைத் தலைக்கு நேர்மேலே உள்ள வானத்துக்குக் காட்டி மெல்லத் திருப்புங்கள். நீலம் இருளும், மறுபடி வெளுக்கும். எல்லாத் திசையிலும் அதிர்ந்தபடி கிளம்பிய ஒளி, காற்றில் பட்டுச் சிதறியதும் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது. பிளஸ் டூ புத்தகம் இதைத் தளவிளைவு என்கிறது. சூரியனை மலை மறைத்துவிட்டாலும் அது எந்தத் திசைக்கோட்டில் இருக்கிறது என்பதை அந்தக் கண்ணாடியை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்தச் சிதறலை விண்மீனுக்குள் கொண்டுபோய்க் கணக்குப் போட்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், அப்போது அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தார். மிகச் சூடான விண்மீன்களில் அணுவிலிருந்து பிய்ந்த எலக்ட்ரான்கள் தனியே திரிகின்றன. உள்ளிருந்து வரும் ஒளி அவற்றில் முட்டி முட்டித்தான் வெளியேறும். ஒரு முட்டலுக்குக் கணக்கு எளிது. ஒவ்வொரு முட்டலிலும் அதிர்வின் தளம் மாறுவதையும் சேர்த்து, எண்ணற்ற முட்டல்களுக்குப் போடுவதுதான் மலைப்பு. 1940-களில் அவர் விடை கண்டார்: விண்மீன் வட்டத்தின் நடுவில் தளவிளைவு சுழியம், விளிம்பில் 11.7 சதவீதம்.

விளிம்பை மட்டும் எப்படிப் பார்ப்பது? இரட்டை விண்மீன்களில் ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது ஓரம் மட்டும் மிஞ்சும். ஹில்ட்னர், ஹால் என்ற இருவர் அதைத் தேடிப் போனார்கள். தளவிளைவு கிடைத்தது; ஆனால் மறைப்பு நேரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசி செய்த வேலை அது என்று 1949-இல் தெரிந்தது. தேடியது கிடைக்காமல் இன்னொரு பெரிய கண்டுபிடிப்பு! சந்திரசேகர் சொன்ன விளைவு, அல்கால் என்னும் இரட்டை விண்மீனில் 1983-இல்தான் பிடிபட்டது. அவர் நோபல் பரிசு பெற்றதும், கருந்துளைகள் பற்றிய பெருநூலை வெளியிட்டதும் அதே ஆண்டு.

கருந்துளைக்கும் அந்த 11.7-க்கும் உறவு உண்டு. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டிலும் எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களில் முட்டித்தான் வெளிவருகின்றன. அதனால் சந்திரசேகரின் கணக்குதான் அங்கும் முதல் அளவுகோல். 1977-இல் கானர்ஸும் ஸ்டார்க்கும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: கருந்துளையின் ஈர்ப்பு, ஒளியின் பாதையோடு அதிர்வின் தளத்தையும் திருப்பிவிடும். எவ்வளவு திருப்பியது என்பதிலிருந்து கருந்துளையின் சுழற்சியை அறியலாம்.

இன்னும் விசித்திரமான எதிர்பார்ப்பும் உண்டு. ஆக்ஸியான் போன்ற மிக லேசான துகள்கள் இருந்தால், சுழலும் கருந்துளையின் ஆற்றலை உறிஞ்சி அதைச் சுற்றி மேகமாகத் திரளும். அதன் வழியே வரும் ஒளியின் தளம் ஊஞ்சல் போல நாள்கணக்கில் இப்படியும் அப்படியும் ஆடும். எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளையை 2017 ஏப்ரலில் நான்கு நாட்கள் பார்த்த பதிவுகளில் அந்த ஆட்டத்தைத் தேடினார்கள். காணவில்லை. அதனாலேயே ஒரு குறிப்பிட்ட நிறை வரம்பில் அத்துகளுக்கு இருந்த இடம் குறுகியது. 2022-இல் அந்த முடிவு வெளியானது. இல்லை என்ற விடைக்கும் இவ்வளவு மதிப்பு இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் புதிய துகளைக் கூப்பிடும் முன் பழைய எலக்ட்ரானைத் தீர விசாரிக்க வேண்டும். நாசாவும் இத்தாலியும் அனுப்பிய ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள் 2022-இல் 4யூ 1630-47 என்ற கருந்துளையைப் பார்த்தது. தளவிளைவு சுமார் 8 சதவீதம். எளிய வட்டுக் கணக்குக்கு அது அதிகம். கதிரின் ஆற்றல் கூடக்கூட அதுவும் ஏறியது. வட்டின் மேற்பரப்பில் அணுக்கள் முழுதாக உடையாமல், வாயு வெளிநோக்கி வேகமாக ஓடினால் பொருந்தும் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

ஐஎக்ஸ்பிஇ அளக்கும் கதிர் ஆற்றலின் எல்லை 8 கிலோ எலக்ட்ரான்வோல்ட். அங்கிருந்து 30 வரை அளக்கும் கருவியின் பெயர் போலிக்ஸ். 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எக்ஸ்போசாட் செயற்கைக்கோளில் ஏறிப் போனது. அதன் நடுவே ஒரு பெரிலியம் துண்டு. எக்ஸ் கதிர் அதன் எலக்ட்ரான்களில் பட்டு எந்தப் பக்கம் சிதறுகிறது என்பதைச் சுற்றியுள்ள நான்கு உணரிகள் எண்ணுகின்றன. செய்தது பெங்களூரின் ராமன் ஆய்வு நிறுவனம், சந்திரசேகரின் சித்தப்பா சி.வி. ராமன் தொடங்கியது.