கிட்டங்கி (ஜார்ஜ் டவுன், பினாங்கு)

லெபோ பினாங்கு தெருவிலும் அதையொட்டிய தெருக்களிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய நீண்ட கடைவீடு. ஒரே கூரையின் கீழ்ப் பல 'மார்க்கா'க்கள் (தனித்தனி வட்டிக்கடைகள்). தரையில் பாய், சாய்வான மூடி கொண்ட கைப்பெட்டி, பக்கத்தில் இரும்புப்பெட்டி. ஒரு கடையின் மொத்த இடமே அவ்வளவுதான். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலை. கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுக்கை. குடும்பம் ஊரில், தவணை (வேலைக்கு ஒப்பிய காலம்) முடியும்வரை பெண்கள் இல்லாத வாழ்க்கை.

இந்த வட்டிக்கடை உலகம்தான் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலுக்குக் களம். சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த சிங்காரம் 1938-இல் சுமத்ராவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர். பினாங்கிலும் இருந்து, 1946-இல் ஊர் திரும்பினார். நாவலில் அடுத்தாள் செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து மீள்கிறான். துப்பாக்கி பிடித்தவனுக்குப் பெண் கொடுக்க முதலாளி மறுக்கிறார். பெட்டியடி (வட்டிக்கடை) ஒழுக்கத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தமிழ்ப் படைப்பு வேறில்லை எனலாம். பினாங்கு அவரது மற்றொரு நாவலான 'புயலிலே ஒரு தோணி'யிலும் (1972) வருகிறது.

இந்தக் கிட்டங்கிகள் இருந்த ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தைப்பூசத்துக்கு வெள்ளிரதம் புறப்படும் செட்டியார்களின் 'கோவில் வீடு' லெபோ பினாங்கில்தான் உள்ளது.