காமன் லிஸ்ப்பில் ஒரு பொது விளையாட்டு எஞ்சின்: முதலில் எதைப் பகிர்வது?

காமன் லிஸ்ப்பில் கணினி விளையாட்டு எழுத முனைபவர்களில் பலர் விளையாட்டை எட்டுவதே இல்லை. சாளரம் திறப்பது, படங்களை ஏற்றுவது, கேம்பேடின் பொத்தான்களைப் படிப்பது என்று அடித்தள வேலையிலேயே ஆர்வம் தீர்ந்துவிடுகிறது. அடுத்து வருபவரும் அதே வேலையை முதலிலிருந்து செய்கிறார். இந்த விரயத்தைத் தடுக்க எல்லாரும் கூடி ஒரே எஞ்சினைக் கட்டலாம் என்ற யோசனை நியாயமானதே. ஆனால் விளையாட்டு எதுவும் கையில் இல்லாமல் வரைவுத் திட்டத்திலிருந்து தொடங்கும் எஞ்சினுக்கு, எந்த வசதி தேவை, எது ஆடம்பரம் என்று சொல்ல ஆளில்லை. எஞ்சின் ஒரு விளையாட்டை முடிக்கும் போக்கில் உருவாக வேண்டும்; சமூகம் முதலில் பகிர வேண்டியவை அதற்கு அடியிலுள்ள சிறு நூலகங்கள் என்பதே என் வாதம்.

மொழியின் தகுதி இங்கே சிக்கலல்ல. நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கி 2001இல் வெளிவந்த ‘ஜாக் அண்ட் டாக்ஸ்டர்’ விளையாட்டு, ஆண்டி கேவின் உருவாக்கிய ‘கோல்’ என்னும் லிஸ்ப் வகை மொழியில் எழுதப்பட்டது. அதன் தொகுப்பி காமன் லிஸ்ப்பில் அமைந்தது. பிளேஸ்டேஷன் 2இல் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலை மாற்ற முடிந்தது. ஆயினும் சோனி அந்நிறுவனத்தை வாங்கிய பிறகு, பிளேஸ்டேஷன் 3 தலைமுறையில் அவர்கள் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாறினார்கள். சோனியின் பிற ஸ்டூடியோக்களுடன் நிரலைப் பகிர முடியாமை இதற்கு ஒரு முக்கியக் காரணம். கருவி சிறந்தது, ஆனால் அது ஒரே வீட்டுக்குள் அடைபட்டிருந்தது.

இதற்கு நேர்மாறான சான்று சுவிட்சர்லாந்தின் ஷிராகுமோ குழு. காமன் லிஸ்ப்பில் எழுதப்பட்ட அவர்களது ‘கான்ட்ரியா’ விளையாட்டு 2023 ஜனவரியில் வெளிவந்தது. அதைத் தாங்கும் ‘ட்ரயல்’ எஞ்சினுக்குக் கீழே வெக்டர் கணக்கு, ஒலி, கேம்பேடு, இடைமுகம் ஆகியவை தனித்தனித் திறமூல நூலகங்களாக இருக்கின்றன. எஞ்சினைத் தொடாதவரும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டின் நெருக்கடி இவற்றை எப்படி வடிவமைக்கிறது என்பதற்கு வெக்டர் நூலகமே போதிய சான்று. இரண்டு வெக்டர்களைக் கூட்டினால் வழக்கமாக விடைக்கென்று நினைவகத்தில் புதிய வெக்டர் பிறக்கும். நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. இப்படிப் பிறந்து குவிந்த பயனற்ற வெக்டர்களைத் துப்புரவு செய்ய மொழி விளையாட்டை நடுவில் நிறுத்தினால் திரை தடுமாறும். ஆகவே விடையைப் பழைய வெக்டரிலேயே எழுதும் செயல்கூறுகளும் நூலகத்தில் இடம்பெற்றன. வரைவுத் திட்டம் எழுதுபவருக்கு இந்தத் தேவை எளிதில் கண்ணில் படாது.

சி மொழியில் எழுதப்பட்ட ரேலிப் என்னும் விளையாட்டு நூலகத்துக்கு லிஸ்ப்பிலிருந்து இணைப்பு எழுதினால் போதாதா என்பது வலுவான மறுப்பு. வரைவதற்கும் ஒலிக்கும் அது போதும். சிறு விளையாட்டுகளுக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் காமன் லிஸ்ப்பில் ஓடும் விளையாட்டின் ‘எதிரி’ வகுப்புக்குப் புதிய பண்பு ஒன்றைச் சேர்த்தால், ஏற்கெனவே உலவும் எதிரிகளும் அதைப் பெறுவார்கள். காமன் லிஸ்ப்பின் 1994ஆம் ஆண்டுத் தரநிலையே தரும் வசதி இது. விளையாட்டுப் பொருள்களை சி மொழி எஞ்சினின் நினைவகத்தில் வைத்தால் இந்த வசதி எட்டாது. அதை இழந்தபின் லிஸ்ப்பைத் தேர்ந்ததற்கே பொருள் குறைவு.

லிஸ்ப் நிரலர்கள் தனித்தே இயங்குபவர்கள், அவர்களிடம் கூட்டுமுயற்சி எடுபடாது என்பது இன்னொரு மறுப்பு. தனி மனிதருக்கு அளவுக்கு மீறிய ஆற்றலைத் தரும் மொழியில் இப்போக்கு உண்மையே. அதனால்தான் எல்லாரும் ஒரே கட்டமைப்பை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்க்கச் சொல்கிறேன். கேம்பேடு நூலகத்தைத் திருத்துபவர் எஞ்சின் தத்துவத்தில் உடன்பட வேண்டியதில்லை. தொகுப்பிக்கும் இதுவே பொருந்தும். நின்டெண்டோ ஸ்விட்ச் கருவி, நிரல் ஓடும்போது புதிய இயந்திரக் குறிமுறை உருவாக்கி இயக்குவதை அனுமதிப்பதில்லை. காமன் லிஸ்ப் தொகுப்பியான எஸ்பிசிஎல்லோ அதையே நம்பியிருப்பது. ஆகவே எஸ்பிசிஎல்லில் எழுதிய விளையாட்டை அங்கே கொண்டுசெல்ல அந்தத் தொகுப்பியிலேயே கைவைக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பை எந்த எஞ்சினும் தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எஸ்பிசிஎல்லில் எழுதும் எந்த விளையாட்டுக்கும் அது உதவும்.