பாண் கடையின் பின்கட்டு

கொழும்பு முகத்துவாரத்தில் நான் வளர்ந்த வீட்டில் யப்பான் என்றாலே குண்டுதான். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைப் பக்கம் பூசைக்குப் போன அம்மம்மா, துறைமுகத்தின் மேல் தாழப் பறந்த விமானங்களைக் கண்ணால் பார்த்தவர். அன்று துறைமுகத்துக்குள்ளேயே 'ஹெக்டர்', 'டெனிடோஸ்' என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மம்மா யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறினார்.

அந்தக் குண்டுகளை நான் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்திய விடுதலைக்கு யப்பான் உதவியது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்த வரிக்குள் அரசாங்கமும் படையும் நுழைந்துகொள்கின்றன. முதலில் கதவைத் திறந்துவிட்ட பாண் கடைக்காரரும் அவருடைய மனைவியும் வெளியே நிற்கிறார்கள்.

அவர்கள் கதவைத் திறந்தது ராஷ் பிஹாரி போஸ் என்ற இந்தியப் புரட்சியாளருக்கு. அவர் 1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்டவர். 1915 பெப்ரவரியில் லாகூர்க் கிளர்ச்சித் திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டதும், கவி தாகூரின் உறவினர் என்று பெயர் மாற்றிக்கொண்டு மே 12 அன்று கல்கத்தாவில் 'சானுகி மாரு' கப்பலில் ஏறினார். ஜூன் 5 அன்று கோபேயில் இறங்கினார். அதே வாரம் கொழும்பில் இராணுவச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. சிங்கள–முஸ்லிம் கலவரத்தை அடக்குகிறோம் என்று வந்த சட்டம், ஜூலை 7 அன்று ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்றது. போர்க்காலத்துப் பிரிட்டிஷ் அரசின் கைக்குள் போஸ் அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் கொழும்புக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

யப்பான் அரசோ 1902 முதல் பிரிட்டனின் கூட்டாளி. லண்டன் நெருக்கியது, போஸும் அவரைப் போலவே யப்பானில் தஞ்சம் புகுந்திருந்த இந்தியப் புரட்சியாளர் ஹேரம்பலால் குப்தாவும் டிசம்பர் 2க்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று டோக்கியோ உத்தரவிட்டது. முதல்நாள் இரவு, விடைபெறுவதுபோல் இருவரும் செல்வாக்குள்ள தேசியவாதித் தலைவர் தோயாமா மிட்சுருவின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் பொலிஸ் காத்திருக்க, பின்பக்கமாக வெளியேறிக் காரில் ஏறினார்கள். கார் நின்ற இடம் சின்ஜூக்குவில் 'நகமுராயா' பாண் கடை.

அதன் சொந்தக்காரர் சோமா ஐசோ, கடைக்கு வந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம், எங்கள் வீடு போன்ற இடம்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கடைக்குப் பின்னால் ஓவியர்களுக்காகக் கட்டிய கூடம் ஒளிவிடமானது. வேலையாட்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் மனைவி கொக்கோ மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்றவர். ஒளிந்திருந்தவர்களோடு பேசி, அவர்களுடைய தேவைகளைப் பார்த்தவர் அவர்தான். அப்போது அவருக்குக் கைக்குழந்தை. பயத்திலும் தூக்கமின்மையிலும் பால் வற்றியது, குழந்தை இறந்தது. நாம் எழுதும் விடுதலை வரலாறுகளில் இந்த மரணம் ஏன் ஒரு வரிகூடப் பெறவில்லை?

இதற்கிடையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று யப்பானியக் கப்பலை மறித்து இந்தியப் பயணிகளைப் பிடித்துச் சென்றது. டோக்கியோவுக்குக் கோபம் வந்தது. வெளியேற்றும் உத்தரவு 1916இல் கைவிடப்பட்டது. பிரிட்டிஷ் ஒற்றர்கள் மட்டும் விடவில்லை. அவர்களிடமிருந்து போஸைக் காக்கத் தோயாமா கேட்டுக்கொண்டபடி, 1918 ஜூலையில் சோமா தம்பதியின் மூத்த மகள் தொஷிக்கோ போஸை மணந்தார். பதினேழு வீடு மாறினார்கள். 1923இல் போஸுக்கு யப்பானியக் குடியுரிமை கிடைத்தது. 1925இல் தொஷிக்கோ இறந்தார். அவர்களுடைய மகன் மசாஹிதே 1945இல் ஒக்கினாவாப் போரில் மாண்டான். 1927இல் நகமுராயா தொடங்கிய உணவகத்தில் போஸ் சொல்லிக்கொடுத்த கோழிக்கறியும் சோறும் எண்பது சென். மற்றக் கடைகளில் கறிச்சோறு பத்துப் பன்னிரண்டு சென்தான். இன்றும் அங்கே அந்தக் கறி உண்டு.

தோயாமாவை நான் சோமா தம்பதியோடு ஒரே வரிசையில் வைக்க மாட்டேன். சுன் யாட் சென்னுக்கும் போஸுக்கும் அவர் துணை நின்றது உண்மை. கொரியாவை யப்பான் விழுங்கியதை வரவேற்ற கூட்டமும் அவருடையதுதான். அந்த நாடுபிடிக்கும் ஆசை பின்னால் படையாக வந்தது. 1942இல் போஸ் டோக்கியோவிலும் பாங்கொக்கிலும் இந்தியர்களைத் திரட்டிய அதே வருடத்தில்தான் நம் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. மலாயாத் தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப்போய்ச் சாகவிட்டதும் அந்தப் படைதான். நன்றி சொல்ல வேண்டிய யப்பான் அதுவல்ல.

தன் அரசின் உத்தரவை மீறி, யாரென்றே தெரியாத ஓர் அந்நியனுக்காகப் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்குத்தான் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ராஷ் பிஹாரி போஸைப் பற்றி வகுப்பில் சொல்லும் ஆசிரியர்கள் சோமா ஐசோ, சோமா கொக்கோ என்ற இரண்டு பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.