எண்ணெய் போன பிறகு

அலை எட்டாத உயரத்தில், உப்புத்தூறல் மட்டும் விழும் கடலோரப் பாறைப் பகுதிகளின் நுண்ணுயிர்களை ஆராய்ந்த எம். ஆர். ட்ரூப், 1955இல் ஒரு நுண்பாசியை விவரித்தார். 1981இல் ஹிப்பர்ட் என்ற ஆய்வாளர் அதற்கு நானோகுளோரோப்சிஸ் என்ற புதுப் பேரினத்தை வகுத்தார். குறுக்களவு சில மைக்ரான்தான்.

வெகுகாலம் அதற்கு மீன்குஞ்சுப் பொரிப்பகங்களில்தான் வேலை. பாசியை ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு தின்னும். ரோட்டிஃபரைக் குஞ்சு தின்னும். பிறகு பாசியின் உடம்பிலுள்ள இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு, சத்து மாத்திரை செய்வோர் கண்ணில் பட்டது. பயிர் விளையாத நிலத்தில் உப்புநீர்த் தொட்டி கட்டி வளர்த்தார்கள். வடித்து உலர்த்தி எண்ணெயை எடுத்தார்கள்.

எஞ்சியது புண்ணாக்கு. எண்ணெய் போனதால் அதில் புரதத்தின் பங்கு கூடியிருக்கிறது. அதைக் கழிவென்று தள்ளுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஏனென்றால், மீன் தீவனத்தில் இன்று மீன்தூளின் இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பது சோயாப் புண்ணாக்கு. அதற்கு நல்ல நிலம் வேண்டும். பிரேசிலின் செராடோ சவானா அதற்காகவே ஏராளமாக உழப்பட்டது. சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகப் பூட்டிக்கிடப்பதால் மீனுக்குச் செரிக்காமல் குளத்துநீரில் கலக்கிறது. சோயா மிகுந்த தீவனத்தால் சால்மனுக்குப் பின்குடலில் அழற்சியே வருகிறது.

பாசிப் புண்ணாக்குக்கும் ஒரு முரட்டுக் குணம் உண்டு. செல்லுலோஸும் அதன்மேல் அல்ஜீனன் என்ற கடினப் பொருளும் சேர்ந்த செல்சுவர் அதற்கு. செரிமான நீர் எளிதில் உள்ளே புகாது. பல்லப் சர்க்கார், ஆன் கபுசின்ஸ்கி குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நைல் திலேப்பியாவின் (நம் சந்தை ஜிலேபிக்கு நெருங்கிய சொந்தம்) தீவனத்தில் மீன்தூளில் மூன்றிலொரு பங்கை எடுத்துவிட்டு இந்தப் புண்ணாக்கைச் சேர்த்தார்கள். வளர்ச்சி குறையவில்லை. 2020இல் இன்னும் துணிந்தார்கள். டிஎச்ஏ என்ற இன்னொரு ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த ஸ்கிசோகைட்ரியம் என்ற நுண்ணுயிரைக் கூட்டுச் சேர்த்து, மீன்தூளும் மீனெண்ணெயும் துளியும் இல்லாத தீவனம் செய்தார்கள். அதைத் தின்ற மீன்கள் வழக்கமான தீவனம் தின்றவற்றைவிட அதிக எடை போட்டன. சதையில் டிஎச்ஏவும் கூடியிருந்தது. கடலில் ஒரு மீனைக்கூடப் பிடிக்காமல் கிடைத்த வளர்ச்சி அது!

சோயா மட்டும் அந்தத் தீவனத்திலும் இருந்தது. அதையும் வெளியேற்ற வேண்டுமானால் செல்சுவரை மலிவாக உடைக்கத் தெரிய வேண்டும்: அரைத்தோ, நொதி சேர்த்தோ. அதைவிடப் பெரிய சிக்கல் வரத்தில் இருக்கிறது. எண்ணெய் எவ்வளவு விற்கிறதோ அவ்வளவுக்குத்தான் பாசிப் புண்ணாக்கும் மிஞ்சும். சோயாவோ கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது.