வண்டியிலிருந்து விழுந்தவன்

லாரியின் பின்கதவைத் திறந்து, மூட்டையை முதுகில் வாங்கி, பலகை வழியே இறங்கிவரும் தொழிலாளியைக் கடைத்தெருவில் நாள்தோறும் காண்கிறோம். அவர் கால் தவறி விழுந்தால் வைத்தியச் செலவு யாருடையது? படுத்திருக்கும் நாட்களுக்குக் கூலி யார் தருவது? ஆங்கிலச் சட்ட வரலாற்றில் இத்தகைய வினாவை எழுப்பிய முதல் வழக்கு என்று கருதப்படுவது ஒரு சரக்கு வண்டியைப் பற்றியதே. அதனை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பௌலர் என்னும் இறைச்சி வியாபாரியிடம் சார்லஸ் பிரீஸ்ட்லி என்ற இளைஞன் வேலை பார்த்தான். 1835ஆம் ஆண்டில் ஒரு நாள், எசமானரின் கட்டளைப்படி சரக்கு வண்டியில் சென்றான். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்த வண்டி வழியில் முறிந்தது. கீழே விழுந்தவனுடைய தொடையெலும்பும் முறிந்தது. அடுத்த ஆண்டு லிங்கன் நகரில் ஜூரிகள் அவனுக்கு 100 பவுன் நஷ்ட ஈடு அளித்தார்கள்.

1837இல் மேல் மன்றத்தில் அத்தீர்ப்பு நிற்கவில்லை. நீதிபதி அபிங்கர் பிரபு கூறிய காரணங்கள் படிக்கச் சுவையானவை. இவனுக்குப் பணம் கொடுத்தால், ஈரப் படுக்கை விரித்த பணிப்பெண்ணின் பிழைக்கும், பாத்திரத்தைச் சரியாகத் துலக்காத சமையற்காரரின் பிழைக்கும் எசமானரே மற்ற வேலைக்காரர்களுக்கு ஈடு செலுத்த நேருமாம்! ஆபத்தை எசமானரைப் போலவே வேலையாளும் அறிவான். அஞ்சினால் மறுத்துவிடலாம் என்றும் அவர் சொன்னார். மறுத்தால் மறுநாள் அவனுக்கு வேலை இருந்திருக்குமா? அதைப் பிரபு ஆராயவில்லை. என் கருத்தில், வழக்கின் உயிர்நிலையே அதுதான்.

இத்தீர்ப்பை அடிப்படையாகக் கொண்டு, உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவால் காயமுற்றால் முதலாளி பொறுப்பல்லர் என்னும் கோட்பாடு வளர்ந்தது. மூட்டையைத் தவறாக அடுக்கியவனும் கூலியாள், அது சரிந்து விழுந்தவனும் கூலியாள் என்றால் முதலாளிக்குக் கவலையில்லை. 1897இல் பிரிட்டன் இயற்றிய நஷ்ட ஈட்டுச் சட்டம், முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்காமலே ஈடு பெற வழி செய்தது. ஆனால் அது ரயில்வே, சுரங்கம், தொழிற்சாலை போன்ற சில தொழில்களுக்கே உரியதாயிருந்தது. பிரீஸ்ட்லியைப் போன்ற வண்டியாட்கள் 1906 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, 1924ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. உடன் ஊழியர் என்ற அந்தப் பழைய தடையை 1938இல் இந்தியச் சட்டம் அகற்றியது. அது பிறந்த இங்கிலாந்தோ 1948இல்தான் அதனை ஒழித்தது. பிரீஸ்ட்லி விழுந்து அப்போது 113 ஆண்டுகள் ஆகியிருந்தன.