களைப்பு வேறு, சோம்பல் வேறு

தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்தில் ஒருவர் கோவிட் கண்டு குணமானார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களுக்குப் பின் சந்தைக்கு நடந்து போய் வருகிறார். மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. "சோம்பல்! நாலு நாள் ஓடினால் உடம்பு தேறிவிடும்" என்கின்றனர் வீட்டார். இது நியாயமான தீர்ப்புத்தானா? நம் கிந்தாப் பள்ளத்தாக்கின் பழைய வரலாறு ஒன்று இதற்கு விடை சொல்லும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பலரைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால்கள் துவண்டன, இருதயம் தளர்ந்தது. காரணம் கிருமியே என்று பலர் கருதினர். டாக்டர் பிராடன் என்பவரோ அரிசியைச் சந்தேகித்தார். ஒரே நாட்டில் வாழ்ந்தும், புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை அல்லவா?

தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது 1911-இல். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1905-இல், கோலாலம்பூரிலிருந்த மனநோயாளர் இல்லத்தில் டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரு பிரிவினருக்குத் தீட்டிய வெள்ளையரிசி. மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசி. வெள்ளையரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர். சிலர் மாண்டும் போயினர். மறுக்க வழியற்ற அந்த நோயாளிகள் கொடுத்த விலையை நாம் மறத்தலாகாது.

தவிட்டோடு போய்விட்ட சத்தை 1926-இல் ஜாவாவில் பிரித்தெடுத்தனர். அதுவே தயாமின் என்னும் வைட்டமின். அது இல்லையேல், உண்ட உணவை உடலின் உயிரணுக்கள் சக்தியாக மாற்ற இயலாது. விறகு இருந்தும் அடுப்பு எரியாத நிலை அது.

நெடுங்கோவிட் வேறு நோய்; அதன் காரணமும் வேறு. ஆயினும் பழுது ஏறக்குறைய அதே அடுப்பில்தான் காணப்படுகிறது. ஆம்ஸ்டர்டாம் நகர ஆய்வாளர்கள் நெடுங்கோவிட் நோயாளர் 25 பேரையும், கோவிட்டிலிருந்து முழுமையாக மீண்ட 21 பேரையும் சைக்கிள் மிதிக்கச் செய்து, முன்னும் பின்னும் அவர்களுடைய தசைத் துணுக்குகளை ஆராய்ந்தனர். முடிவு 2024-இல் வெளியாயிற்று. நோயாளரின் தசைகளில், சக்தியை ஆக்கும் மைட்டோகாண்டிரியா சரிவர இயங்கவில்லை. உழைப்புக்குப் பின் அது மேலும் குன்றியது. தசையிலும் சேதம் காணப்பட்டது. இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவைத் தசைகள் முழுமையாக எடுத்துக்கொள்வதில்லை என வேறு ஆய்வுகளும் காட்டியுள்ளன. எனவேதான் நெஞ்சுப் படத்தில் குறை தெரியாமலும் உடல் தள்ளாடக்கூடும்.

உழைத்த அன்றல்ல, மறுநாளோ அதற்கடுத்த நாளோ நோய் முற்றுவது இதன் முக்கிய அடையாளம். அத்தகையோரை "ஓடு, ஓடு" என விரட்டுவது தீங்காக முடியலாம். களைப்பு வருமுன் ஓய்வு, வேலையைச் சிறு சிறு பங்காகப் பிரித்தல், மருத்துவர் ஆலோசனை ஆகியவையே ஏற்ற வழி. எல்லா நோயாளருக்கும் இந்நிலை நேர்வதில்லை என்பதையும் நினைவிற் கொள்வோம்.

பெரிபெரிக்காரரின் கால் துவண்டது மனம் தளர்ந்ததால் அன்று, தவிடு நீங்கியதால். அந்தப் பாடத்தைக் கற்க ஆண்டுகள் பல ஆயின. இன்று நம் வீட்டிலொருவர் "முடியவில்லை" என்றால், தீர்ப்புக் கூறுமுன் அவர் சொல்வதை நம்புவோம்.