கடைசிப் பக்கத்து ஷரத்து

ஒப்பந்தப் பத்திரம் எதுவானாலும் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது என் வழக்கம். முதல் பக்கமெல்லாம் கல்யாணப் பத்திரிகை பாஷையாக இருக்கும். இரு தரப்பாரும் மனமொப்பி, பரஸ்பர நன்மையை நாடி என்று போகும். உறவு எப்போது முறியும், முறிந்தால் யார் கையில் என்ன மிஞ்சும் என்பது பொடி எழுத்தில் கடைசியில்தான் வரும். பிரான்சைஸ் என்று இப்போது சொல்கிறார்களே, அந்த வியாபார முறையின் சரித்திரமும் இப்படிப் பின்பக்கத்திலிருந்து படித்தால்தான் எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் நடத்தியவர்கள் மோட்டார் கம்பெனிக்காரர்கள். கம்பெனி காரைச் செய்யும். ஊருக்கு ஊர் ஓர் ஏஜெண்ட் சொந்த முதல் போட்டுக் கடை கட்டி, பட்டறை வைத்து, கம்பெனியின் பெயர்ப் பலகையை மாட்டி விற்பார். கடை அவருடையது, கடனும் அவருடையது. பெயர் மட்டும் கம்பெனியுடையது. அந்தப் பலகையைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது நாலு சுவரும் தரையில் எண்ணெய்க் கறையும்தான்.

ஹென்றி போர்டு 1919-ல் தம் கம்பெனியின் மற்றப் பங்குதாரர்களுக்கு விலை கொடுத்து அவர்களை வெளியேற்றினார். அதற்காகப் பெரிய கடன் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே மார்க்கெட் படுத்துவிட்டது. செப்டம்பரில் விலையைக் குறைத்துப் பார்த்தார், கார்கள் நகரவில்லை. டிசம்பர் கடைசியில் தொழிற்சாலையையே மூடினார். 1921-ன் முதல் நான்கு மாதங்களுக்குள் கட்ட வேண்டியது 5 கோடியே 80 லட்சம் டாலர். கையில் இருந்தது 2 கோடி. பாங்கிக்காரர்களிடம் மறுபடியும் கை நீட்ட அவருக்கு மனமில்லை.

அவர் செய்த காரியம் இதுதான். தேங்கிக் கிடந்த கார்களை ரயிலில் ஏற்றி ஏஜெண்டுகளுக்கு அனுப்பினார். அவர்கள் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை. பழைய சரக்கே விற்காமல் கிடந்தது. ஆனாலும் ரயில் ரசீது உள்ளூர் பாங்கிக்கு வந்து சேர்ந்தது. பணத்தைக் கட்டி ரசீதை மீட்டுக்கொள்ள வேண்டும். ஏஜெண்டுகள் தங்கள் ஊர் பாங்கியில் கடன் வாங்கிக் கட்டினார்கள். ஆக, பாங்கிக் கடன் வேண்டாம் என்றவருக்காக நூற்றுக்கணக்கான சிற்றூர்க் கடைக்காரர்கள் பாங்கிக் கடன் வாங்கினார்கள்! 1922-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் போர்டு இந்தக் கணக்கைப் பெருமையோடு கொடுத்திருக்கிறார்: கையிருப்புச் சரக்கைப் பணமாக்கியதில் 2 கோடியே 47 லட்சம் டாலர். கதை எழுதுகிறவனுக்கு அந்த ஒரு வரியைப் படித்ததும் எத்தனை சமையலறைகளில் அன்றிரவு புருஷனும் மனைவியும் தூங்காமல் பேசியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

ஏன் கட்டினார்கள்? முடியாது என்று சொன்னால் ஏஜென்ஸி போய்விடும். சாதாரணமாக ஒருவன் தவணை தவறினாலோ வாக்குத் தவறினாலோதான் ஒப்பந்தம் ரத்தாகும் என்று நாம் நினைக்கிறோம். இந்தப் பத்திரங்களில் தவறு என்று ஒன்று நடக்க வேண்டிய அவசியமே இல்லை. எப்போது வேண்டுமானாலும், காரணம் காட்டாமல், ஒரு நோட்டீஸில் முடித்துவிடலாம். அந்த உரிமை இரு தரப்புக்கும் உண்டு என்று நியாயமாகவே எழுதியிருந்தார்கள். யானையும் எறும்பும் ஒன்றையொன்று மிதிக்கலாம் என்ற நியாயம்!

வர்ஜீனியாவில் கிர்க்மையர் மோட்டார் கம்பெனி என்ற ஏஜெண்ட் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். முதலில் ஜெயித்தார். 1933-ல் அப்பீல் கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. நீதிபதிக்கு இரக்கமில்லை என்று சொல்ல முடியாது. பலமற்றவனைக் கம்பெனியின் தயவில் விடும் பத்திரம் இது, பார்த்தால் பொறுமை போகத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கையெழுத்துப் போடும்போது கேட்டு வாங்காத பாதுகாப்பைக் கஷ்டம் வந்த பிறகு கோர்ட் எழுதிச் சேர்க்க முடியாது என்றார். சட்டப்படி சரி. கேட்டிருந்தால் கையெழுத்துப் போடவே பேனா கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத விஷயம்.

கோர்ட் கைவிட்டதால் ஏஜெண்டுகள் சட்டசபைகளுக்குப் போனார்கள். விஸ்கான்சின் மாநிலம் 1937-ல் அநியாயமான ரத்துக்குத் தடை போட்டது. 1955-ல் செனட் விசாரணையில் ஜெனரல் மோட்டார்ஸ் அகப்பட்டுக்கொண்டு, ஓராண்டுப் பத்திரத்தை ஐந்தாண்டாக நீட்டியது. 1956 ஆகஸ்டில் மோட்டார் ஏஜெண்டுகளுக்கென்றே நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. கம்பெனி நல்லெண்ணத்தோடு நடக்காவிட்டால் வழக்குப் போடலாம். இன்று எல்லா மாநிலங்களிலும் ஏஜெண்டுகளைக் காக்கும் சட்டம் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது. பல இடங்களில் தக்க காரணம் காட்ட வேண்டும், முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும், விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சில வரிகளை எழுதி வாங்கத்தான் இத்தனை ஆண்டுகள்.

ஆனால் 1956-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சங்கதி உண்டு. நல்லெண்ணம் என்றால் என்ன என்று அதிலேயே அர்த்தம் எழுதியிருக்கிறது: பலவந்தம், மிரட்டல் இல்லாமல் நடப்பது. கோர்ட்டுகள் அந்த அர்த்தத்தை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டன. அநியாயம் நடந்தது என்றால் போதாது, மிரட்டினார்கள் என்று ஏஜெண்ட் ருசுப்படுத்த வேண்டும். பலர் அங்கேதான் தோற்றார்கள். 1921-ல் பாங்கிக்கு வந்த ரயில் ரசீதை அந்தக் கோர்ட்டில் காட்டியிருந்தால், இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்.